பெயர் தெரியாத பூச்சிக்கு மருந்து தெளிக்கிறோம்

“பெயர் எதற்கு? எந்த மருந்து என்று சொன்னால் போதும்.” வகைப்பாட்டியல் ஆய்வை ஏளனம் செய்வோர் கையில் வைத்திருக்கும் ஒரே வாதம் இதுதான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த வாதத்திற்கான விலையை உழவர்களே கொடுக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

கரும்பின் கணுவிடைப் பகுதியில் கருஞ்சாம்பல் நிறப் பொருக்காகப் படியும் கவசச் செதில்பூச்சியை எடுத்துக்கொள்வோம். தெலுங்கில் பொலுசு புருகு. அறிவியற்பெயர் மெலனாஸ்பிஸ் குளோமெராட்டா. இலங்கையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் 1903இல் இதற்குப் பெயரிட்டார். ஆஸ்பிடியோட்டஸ், டார்ஜியோனியா, மெலனாஸ்பிஸ் எனப் பேரினப் பெயர் மாறி வந்துள்ளது. மூன்று பெயர்களிலும் தேடாத ஆய்வாளர், முன்னோர் கண்டறிந்ததில் பெரும்பகுதியை அறியாமலே தம் ஆய்வைத் தொடங்குகிறார்.

இப்பூச்சியின் வாழ்க்கையே மருந்துக்கு எதிரான அரண். தாயின் கவசத்தடியிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குச் சிறிது காலமே கால்கள் பயன்படும். இடம் தேடி ஊர்ந்து, உறிஞ்சுகுழலைத் தண்டில் செருகி அமர்ந்ததும், மெழுகையும் தான் உரித்த தோலையும் சேர்த்துக் கவசம் கட்டுகிறது. பெண் பூச்சி கால்களை இழந்து, சிறகும் இல்லாமல், அங்கேயே இருந்து மடிகிறது. கவசத்தின் மேல் தோகையின் உறை வேறு. தெளித்த மருந்து எங்கே போய்ச் சேரும்? தாக்குதலற்ற விதைக்கரணையும், காலத்தில் தோகை உரிப்பதும், குஞ்சு ஊரும் நாள்களை அறிவதுமே பயன் தரும். கணக்கின்றித் தெளித்த மருந்து முதலில் கொல்வது செதிலைத் தின்னும் பொறிவண்டுகளையும் அதனுள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும்தான்.

அதே தோகையுறைக்கடியில், கணுவை ஒட்டி, கரும்பின் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியும் வாழ்கிறது. அது தேன்கழிவைச் சொரியும், எறும்பு மொய்க்கும். கவசச் செதில்பூச்சி தேன்கழிவைச் சொரிவதே இல்லை. அடிப்படையான இந்த வேறுபாட்டைக்கூட நோக்காமல் இரண்டையும் ‘செதில்’ என்றே எழுதிவைக்கும் களக்குறிப்பை நான் எப்படி நம்புவது?

கவசச் செதில்பூச்சிகளில் 2,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கவசத்தை மட்டும் பார்த்து இனத்தை உறுதிசெய்ய இயலாது. பெண் பூச்சியைக் காரத்தில் தெளிவாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, வயிற்றின் கடைத்தகட்டு மடல்களை நுண்ணோக்கியில் காணவேண்டும். “இப்போது டிஎன்ஏ இருக்கிறதே” என்பார்கள். வரிசையை ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிட்ட மாதிரி ஒன்று முதலில் வேண்டாமா?

பெயர்ப்பிழையின் விலையைக் கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்கள் அறியும். சிவப்புச் செதில்பூச்சியை அழிக்க ஆசியாவில் குளவி தேடியவர்கள், இங்கிருந்த அஃபைட்டிஸ் குளவிகளைத் தம்மிடம் ஏற்கெனவே உள்ள இனமென்று தவறாகக் கருதிப் பல்லாண்டுகள் ஒதுக்கினர். வகைப்பாடு திருந்திய பின்னரே 1947இல் சீனத்திலிருந்து ஓர் இனமும், 1956-57இல் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து அஃபைட்டிஸ் மெலினஸும் சென்று சேர்ந்தன. 1959இல்தான் மெலினஸுக்குப் பெயரே கிடைத்தது. நம் மண்ணின் குளவி அவர்களுடைய தோட்டத்தைக் காத்தது. அதைத் தடுத்து வைத்திருந்தது ஒரு தவறான அடையாளம்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. திருப்பதியில் வேளாண் கல்லூரியும் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. தகடு பதிக்கும் பயிற்சி அங்கே ஒவ்வொரு பூச்சியியல் மாணவருக்கும் கட்டாயமாகட்டும். சான்று மாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் வைக்காத பூச்சி ஆய்வை எந்த இதழும் ஏற்க வேண்டாம். ஐயமான மாதிரிகள் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்குச் செல்லட்டும். மருந்துப் பரிந்துரை அதன் பிறகு வரட்டும்.

நோயின் பெயர் அறியாமல் ஊசி போடும் மருத்துவரை நாம் மன்னிப்பதில்லை. கரும்புக்கு மட்டும் ஏன் மன்னிக்கிறோம்?