குண்டு விழாத இடமெல்லாம் பாதுகாப்பான இடமா? ஆனையூர் முகாம் கேட்கும் கேள்வி

"அதான் உயிரோட இருக்காங்கல்ல, வீடு கட்டிக் குடுத்தாச்சுல்ல, இன்னும் என்ன வேணும்?" ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம் பற்றிப் பேசினாலே இப்படி ஒரு குரல் வருது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு மனிதனுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன? எல்லையில் ராணுவம் நிற்பது மட்டுமல்ல; சோறு, வேலை, உடல்நலம், பயமில்லாத வாழ்க்கை எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு என்று 1994-லேயே ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை சொல்லிவிட்டது.

அதற்கும் முன்பே, போருக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் நம் தமிழர்கள். 1988-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மனித உரிமைகளுக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். செத்தவர் யார், சுட்டவர் யார் என்று ஊர் ஊராகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 'முறிந்த பனை' நூல் அப்படி வந்ததுதான். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கங்கள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. அதை எழுதிய நால்வரில் ஒருவர் உடற்கூற்றியல் பேராசிரியை ராஜினி திராணகம. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் தாதியரையும் சுட்டதும் அந்த நூலில் இருக்கிறது. ஆக, அந்த மக்கள் ஓடிவந்த கதையில் டெல்லிக்கும் பங்கு உண்டு. "அது பக்கத்து நாட்டுப் பிரச்சினை" என்று கை கழுவ முடியாது.

2009-ல் 'போரற்ற வலயம்' என்று அரசே அறிவித்த இடத்தில் அரசே ஷெல் அடித்தது. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் தடுத்து வைத்தார்கள். 40 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. மக்களைக் காப்பதில் தாங்கள் தோற்றுப்போனதை 2012-ல் ஐ.நா.வின் உள் ஆய்வே ஒப்புக்கொண்டது.

சரி, அங்கேதான் காப்பாற்றவில்லை. இங்கே?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. விசா இல்லாமல் வந்தவர்கள் எல்லாம் 'சட்டவிரோதக் குடியேறி'. ஷெல்லுக்குத் தப்பிப் படகில் ஏறுகிறவன் விசா ஆபீசில் வரிசையில் நின்றுவிட்டா வருவான்?

2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் பெயர் இருந்தது. இலங்கை இல்லை. இந்துக்களுக்காகவே கண்ணீர் விடுகிறவர்களின் கண்ணுக்கு ஆனையூர் இந்து மட்டும் தெரியவில்லை! முஸ்லிமை மதம் சொல்லித் தள்ளினார்கள், ஈழத்தமிழனை நாடு சொல்லித் தள்ளினார்கள்.

2025 செப்டம்பரில் ஓர் ஆணை: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாதாம். நல்லது. ஆனால் "உன்னை ஜெயிலில் போட மாட்டேன்" என்பதும் "நீ இந்த நாட்டுக் குடிமகன்" என்பதும் ஒன்றா?

இதே மதுரை மாவட்டத்தில், உச்சப்பட்டி முகாமில், 2016 மார்ச்சில் வருகைப் பதிவின்போது நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். குண்டுக்குத் தப்பி வந்தவரை ஒரு பதிவேடு கொன்றது. பாதுகாப்பு என்பது கூரை மட்டுமல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

"போர்தான் முடிஞ்சிருச்சே, திரும்பிப் போகட்டும்" என்பார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும், அரசு உதவட்டும். ஆனால் ஆனையூரில் பிறந்து, மதுரையில் படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவரை எந்த ஊருக்குத் 'திரும்பி'ப் போகச் சொல்கிறீர்கள்?

2021-ல் தமிழக அரசு முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியது. அதை வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. டெல்லியின் கையில் இருக்கிறது.

நாம் கேட்பது மூன்று:

1. 'சட்டவிரோதக் குடியேறி' முத்திரையை நீக்கு. விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை கொடு.

2. மதம், நாடு பார்க்காத அகதிகள் சட்டம் கொண்டுவா.

3. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நம் பல்கலைக்கழகங்கள் முகாம் மக்களின் நிலையை ஆய்வு செய்து பொதுவில் வைக்கட்டும். உயிரைப் பணயம் வைத்து யாழ்ப்பாணத்தில் செய்ததை, உயிர்ப்பயம் இல்லாத மதுரையில் செய்ய என்ன தடை?

தோழர்களே, முகாமில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால்தான் யாருக்கும் அவசரம் இல்லை. ஓட்டு இருக்கிற நாம்தான் கேட்கணும். பகிருங்கள், ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

#ஆனையூர்_முகாம் #குடியுரிமை_கொடு