குறுந்தூரப் பிரயாணமும் டீஸல் காரும்

கிராமாந்தரங்களில் நிலபுலமுடையோர் கார் வாங்க நினைக்குங்கால் டீஸல் வண்டியையே விரும்புவது நெடுநாளைய வழக்கமாகும். டிராக்டரும் பம்பு எஞ்சினும் டீஸலில் ஓடுவதால் அதனிடம் ஏற்பட்ட பரிச்சயம் ஒரு காரணம். விலை மலிவு மற்றொன்று. 2012-ஆம் வருஷத்தில் பெட்ரோலுக்கும் டீஸலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வரையில் வித்தியாசம் இருந்ததுண்டு. 2014 அக்டோபரில் டீஸலின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பிறகு அவ்வித்தியாசம் சுருங்கி, 2024-இல் சென்னையில் 8 ரூபாயளவில் நின்றது. விலை மாறிற்று, வழக்கம் மாறவில்லை. அதனினும் பெரியதொரு மாறுதல் வண்டியின் புகைக்குழாயில் நேர்ந்திருப்பதை வாங்குவோரிற் பலர் அறியாதிருப்பதுதான் விசனிக்கத்தக்கது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதிகள் அமலுக்கு வந்தன. முன்னிருந்த நான்காம் விதிப்படி டீஸல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகளை வெளியிட இடமுண்டு. இப்பொழுது 4.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இதைக் குடிகளுக்கு இழைத்த தொந்தரவென்று சொல்வது சரியன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் டீஸல் புகையை 2012-இலேயே புற்றுநோய் விளைவிக்கும் வஸ்துக்களின் முதல் வகுப்பிற் சேர்த்துவிட்டது.

இவ்விதியை நிறைவேற்றப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. தேனடையைப் போன்ற எண்ணிறந்த சிறு குழல்கள் கொண்ட பீங்கான் கட்டி அது. குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகையானது சுவரின் நுண்துளைகள் வழியாகவே வெளியேற வேண்டும். கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கினாலன்றி வடிகட்டி அடைபட்டுப் போகும். எரிப்பதற்குச் சுமார் 600 டிகிரி உஷ்ணம் வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும் வண்டியில் புகையின் சூட்டினாலேயே கரியின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. மிச்சத்தைப் போக்க, சில நூறு கிலோமீட்டருக்கொரு முறை எஞ்சின் தானாகவே சிறிது டீஸலை அதிகமாகச் செலுத்திச் சூட்டை ஏற்றுகிறது. இவ்வேலை முடிய 10 முதல் 20 நிமிஷம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

இனி, குடியானவரின் கார் ஓடும் விதத்தைக் கவனிக்கலாம். காலையில் வயலுக்கு 2 கிலோமீட்டர். பின்பு கூட்டுறவுச் சங்கத்துக்கு 4. மாலையில் கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ 3. ஒவ்வோரிடத்திலும் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்புகிறார்கள். டீஸல் எஞ்சின் சூடேறுவதே மெதுவாகத்தான். சூடேறுமுன் பிரயாணம் முடிந்துவிட்டால் கரி சேருமேயன்றி எரியாது. ஈர விறகை வைத்து ஊதி, பற்றிக்கொள்ளும் சமயத்தில் தண்ணீர் தெளித்து அணைப்பதைப் போன்றது இது.

தீங்கு வடிகட்டியோடு நிற்பதில்லை. கரியை எரிக்கவென்று அதிகமாகச் செலுத்தப்பட்ட டீஸலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கிறது. முயற்சி பாதியில் நிற்கும்போதெல்லாம் இக்கலப்பு வளரும். அளவுகோலை இழுத்துப் பார்ப்பவர், எண்ணெய் குறையாமல் ஏறியிருக்கக் கண்டு மகிழ்வாராயின் அது பெரும் பிசகு. நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. வடிகட்டி மாற்றும் செலவே சாமானியமன்று. எஞ்சினையும் பிரிக்க நேர்ந்தால் ஒரு போகத்து ஆதாயம் போனதென்று கொள்ளலாம்.

இந்நிலையில் சில பட்டறைக்காரர்கள் வடிகட்டியை உடைத்தெறிந்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிக் கொடுப்பதாகச் சொல்வதுண்டு. இதற்கு இணங்கலாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, காற்று மாசு பற்றிய விதிகளுக்கு மாறான வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். இங்கிலாந்தில் 2014 பிப்ரவரி முதல், வருஷாந்தரப் பரிசோதனையில் வடிகட்டி நீக்கப்பட்டிருக்கக் கண்டால் வண்டி தேறாது. அத்தகைய சோதனை இங்கும் கண்டிப்பாக நடைபெறுதல் நலம். வாங்க வருபவரிடம் தினம் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று விற்பவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதி வழக்குகள் எழாமலே போயிருக்கும்.

டீஸல் கார் எவருக்கும் ஆகாதென்பதன்று. நாடோறும் காய்கறியோ பூவோ ஏற்றி 60, 70 கிலோமீட்டர் சந்தைக்குச் செல்பவருக்கு அதன் இழுவைச் சக்தியும் எண்ணெய்ச் சிக்கனமும் மெய்யாகவே பயன்படும். வடிகட்டி அவருக்குத் தொல்லை தராது. ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோல் காரே தகும். அடிக்கடி நின்று கிளம்புவது பெட்ரோல் எஞ்சினுக்கும் நல்லதன்றாயினும் இத்தகைய செலவுக்கு இழுத்துச் செல்வதில்லை. இந்நாட்டில் மிகுதியாகக் கார் விற்கும் மாருதி கம்பெனியே 2020 ஏப்ரலோடு டீஸல் கார்களைக் கைவிட்டதும் கருதத்தக்கது.

முன்னமே வாங்கிவிட்டவர்கள் வாரம் ஒரு முறையேனும் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவர வேண்டும். வடிகட்டி விளக்கு எரிந்தால் நாள் கடத்தலாகாது. நிறுத்தியபின் விசிறி பலமாகச் சுழல்வதும், நிற்கையில் எஞ்சின் வேகம் சற்று உயர்ந்திருப்பதும் கரி எரிந்துகொண்டிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது அணைக்காமல் மேலும் சிறிது தூரம் ஓட்டுவது நன்று. சாம்பல் குறைந்த எண்ணெயென்று கம்பெனி குறித்துள்ளதையே ஊற்ற வேண்டும். சாம்பல் எரிவதில்லை, வடிகட்டியிலேயே தங்கிவிடும். கரி எரியும் சமயத்தில் புகைக்குழாய் கொதித்திருக்குமாதலால் வண்டியை வைக்கோலின் மீதோ சருகின் மீதோ களத்தோரத்திலோ நிறுத்தலாகாது.

50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதி வந்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றில் இதே வடிகட்டி உண்டு. உழவில் பாரமிழுக்கும் டிராக்டருக்குச் சூட்டுக்குக் குறைவில்லை. வரப்போரத்தில் ஆள் வரும்வரை மணிக்கணக்காக எஞ்சினைச் சும்மா ஓடவிடும் வழக்கத்தைத்தான் அவற்றின் சொந்தக்காரர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.