அந்தப் பலகை எங்கே?

மனிதாபிமானம் செத்துவிட்டது என்று இந்த வாரமும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அடிபட்டுக் கிடந்தவரை யாரும் தூக்கவில்லை, செல்போனில் படம் பிடித்தார்கள் என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசும் தம்பிகள், ஒருநாள் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டுக்கு வந்து நிற்கட்டும்.

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கும் இடம் அது. அங்கே டீ ஆற்றுகிறவருக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் கொத்தனாருக்கும் இரக்கம் நிறையவே உண்டு. கூடவே பயமும் உண்டு. தூக்கிக்கொண்டு ஓடினால், "நீ யாரு, இடிச்சது நீதானா?" என்று கேட்பார்கள். அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் கோர்ட்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். அன்றாடங்காய்ச்சி வீட்டில் அது அன்றைக்கு உலை வைக்கிற காசு.

இந்தப் பயத்தைப் போக்கச் சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020 செப்டம்பரில் விதிகளும் வந்துவிட்டன. கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரைக் கூட வற்புறுத்திக் கேட்கக் கூடாது. தடுத்து வைக்கக் கூடாது. அவராக விரும்பிச் சாட்சி சொன்னால், அவருக்குத் தோதான இடத்துக்கு, தோதான நேரத்தில், சாதாரண உடையில் போலீஸ்காரர்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் எழுதி, அரசு, தனியார் என்று பாராமல் எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். எத்தனை வாசலில் பார்த்திருக்கிறீர்கள்? டாக்டரின் பட்டங்களுக்குப் பலகை இருக்கிறது. செருப்பைக் கழற்றுங்கள் என்பதற்கு இருக்கிறது. பார்வை நேரத்துக்கு இருக்கிறது. உயிரைத் தூக்கிவந்தவனுக்குத் தைரியம் சொல்லும் பலகை எங்கே?

பணப் பயத்துக்குத் தமிழ்நாடு அரசு நல்ல வழி செய்தது. 2021 டிசம்பர் 18இல் இதே சாலையில், மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த ஊர், எந்த நாடு என்று பார்ப்பதில்லை. "அட்வான்ஸ் யார் கட்டுவது?" என்ற கேள்வி ஒழிந்தால் தூக்கும் கைகள் தானாகக் கூடும். மத்திய அரசும் உதவியவருக்கான வெகுமதியை 5,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனாலும் கூலிக்காரர் முதலில் கேட்பது, "என்னை விட்டுடுங்க சார், வேலைக்குப் போகணும்" என்பதைத்தான்.

அதனால் அந்தப் பலகை ஆஸ்பத்திரியோடு நிற்கக் கூடாது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கட்டணத்தை எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள்! பக்கத்திலேயே இந்த நாலு வரியையும் எழுதட்டும். டீக்கடைச் சுவரில், அரசு பஸ்ஸின் முதுகில், ஸ்டேஷன் வாசலில் எழுதட்டும். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் ஒரே வாரத்தில் முடிகிற வேலை.

வாசகர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். பலகை இருந்தால் படம் அனுப்புங்கள், ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம். இல்லாத ஊர்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலகத்தில் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.