கயிற்றின் நிறம் பார்க்கும் வகுப்பறைகள்

சித்திரைத் திருவிழாவில், அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுக் கள்ளர் வேடத்தில் அழகர் மதுரைக்குப் புறப்பட்டால், வழிநெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். எந்த ஒரு சாதிக்கும் அவர் தனிச்சொத்தில்லை. வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று பார்க்க, லட்சக்கணக்கானோர் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். இதே தென்மாவட்டங்களில்தான், மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து, ‘இவன் நம்ம ஆளா?’ என்று பள்ளிப் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். வெட்கக்கேடு.

அரசுக்கு இது தெரியாததல்ல. 2019 ஜூலை இறுதியில் சாதிக் கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு எழுந்ததும், தமக்குத் தெரியாமல் வந்தது என்று அன்றைய அமைச்சரே ஒதுங்கிக்கொண்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். சில நாட்களாகவே அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் என்று விசாரித்தபோதுதான் சக மாணவர்கள் தந்த தொந்தரவு வெளியே வந்தது.

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம் முதலிய சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், மாணவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் என்று விரிவான பரிந்துரைகள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரவும் சொன்னது. மதுரைப் பக்கம் அதற்கு எதிர்ப்பு உண்டு. கள்ளர் பள்ளிகளின் பின்னால் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வலி இருக்கிறது. அந்த மக்களோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். அதைச் சாக்காக்கி மற்ற பரிந்துரைகளை இழுத்தடிப்பதை ஏற்க முடியாது.

அறிக்கை வந்த பிறகும், 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போன பிளஸ் 1 மாணவனை வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அரசு, மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டியது. நல்லதுதான். பலகையை மாற்ற ஒரு பெயின்டர் போதும்.

கயிறு கட்டிய பையனைக் கேட்டுப் பாருங்கள். “நம்ம பசங்க எல்லாரும் கட்டியிருக்காங்க சார்” என்பான். பள்ளி தராத ஒட்டுறவைச் சாதி இலவசமாகத் தருகிறது. அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளையோ, காலையானால் வயிறு வலிக்கிறது என்கிறான். வீட்டில் திருநீறு மந்திரித்துப் போடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ விழுகிறது. பயத்தையும் அவமானத்தையும் நோயென்று யாரும் எழுதுவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆலோசகர் வேண்டும். ஏற்கெனவே பாடச்சுமையில் திணறும் ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளர் என்று காகிதத்தில் குறித்துவிட்டுக் கணக்குக் காட்டுவது ஆலோசகர் நியமனம் ஆகாது.

சந்துரு குழுவின் பரிந்துரைகளில் எவை ஏற்கப்பட்டன, எவை தள்ளப்பட்டன, ஏன் என்று அரசு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். தகுதி பெற்ற ஆலோசகர்களை வட்டாரந்தோறும் முழுநேரப் பணியில் அமர்த்த வேண்டும். சாதிக் கயிற்றைக் கண்டும் காணாமல் இருக்கும் தலைமையாசிரியரிடமும், அவர் மீது நடவடிக்கை எடுக்கத் தயங்கும் கல்வி அதிகாரியிடமும் விளக்கம் கேட்க வேண்டும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் இவை நடந்தாக வேண்டும்.