லயத்துக் கோழியும் நாங்களும்

எங்கள் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் கோழிக்கு இரண்டே நிலைமைதான். ஒன்று முட்டையிடும், இல்லாவிட்டால் தூங்கி விழும். தூங்கி விழுகிற கோழிக்கு நாங்கள் கண்ட வைத்தியம் கத்தி. "செத்துரப் போவுது, அதுக்கு முன்ன அறுத்துரு" என்று சொல்லாத காம்பரா இல்லை. சொன்னவர்களில் நானும் ஒருவன்.

கோழி தன் நோயை லேசில் வெளியே காட்டாது. சோர்ந்து நின்றால் மற்றக் கோழிகள் கொத்தும், மேலே பருந்து வட்டமிடும் என்று அதற்குத் தெரியும். அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறதென்றால், ஒளித்துப் பார்த்து முடியாமல் போய்விட்டது என்று பொருள். அதுவரை நாங்கள் எங்கே இருந்தோம்? பெண்கள் விடியவே பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இருட்டுக்கட்டத்தான் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்த ஆம்பிளைகள் நாங்கள், காலடியில் மேய்ந்த கோழியை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்ததில்லை.

பார்த்திருந்தால் முதலில் கால் தெரிந்திருக்கும். செதில் மேலெழும்பி, சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளையாகத் தடித்திருக்கும். வயசான கோழி என்று விட்டுவிட்டோம். அது வயசு இல்லை; செதிலுக்கு அடியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ கனமாகப் பூசினால் உண்ணி மூச்சு முட்டிச் சாகும். வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் தலைக்கு வைக்கிற எண்ணெயில் ஒரு கரண்டி போதும். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றினோம். தோல் வெந்து, அந்தக் கோழி நொண்டியே திரிந்தது.

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் மலையில் மழை விடாது. மண் குளிக்கக் கோழிக்குக் காய்ந்த இடம் கிடையாது. மண் குளிக்காத கோழிக்குப் பேன் ஏறும். கூரைக்கடியில் பழைய தாச்சியொன்றில் சாம்பலும் காய்ந்த மண்ணும் போட்டு வைத்திருக்கலாம். வீட்டுக்கு வீடு விறகடுப்பு, சாம்பலுக்கா பஞ்சம்? கூட்டுப் பலகை இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்திருந்து இராத்திரியில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணியையும் நாங்கள் கண்டதில்லை. கொண்டை வெளுத்துப்போனதற்கு ஊட்டம் போதாது என்றோம். இரவில் ஒரு டோர்ச் அடித்துப் பார்க்க எழும்பவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது அம்மை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்குக் கட்டியபோது, ஆத்தா வந்திருக்கிறாள் என்று கூட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். அத்தோடு கடமை முடிந்தது. கோழி அம்மை நுளம்பு பரப்புகிற வைரஸ். தோலோடு நிற்கும் அம்மை மூன்று நான்கு கிழமையில் தானாக உதிரும். பெரும்பாலான கோழி பிழைக்கும். ஆனால் இரண்டு கண்ணும் பொருக்கால் ஒட்டிக்கொண்ட கோழிக்குத் தீனி தெரியாது, தண்ணீர் தெரியாது. எங்கள் கறுப்பி அம்மையில் சாகவில்லை, பட்டினியில் செத்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணைத் துடைத்து, வாயருகே கொஞ்சம் குழைந்த சோறு வைக்க அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம்.

வைத்தியம் செய்த நாட்களும் உண்டு, அது இன்னும் வெட்கம். கால் துண்டு பெனடோல் கரைத்தோம். டிஸ்பென்சரியில் பிள்ளைக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக் கெப்சூலில் மிச்சமானதைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினோம். வைரஸுக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. மருந்தின் மிச்சம் முட்டையில் ஏறும். அந்த முட்டையைப் பிள்ளைக்கே அவித்துக் கொடுத்தோம்.

பிறகு ராணிகேத். இந்திய மலையூரொன்றின் பெயரைச் சுமக்கும் இந்த நோய் 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. கழுத்து முறுக்கி, பச்சையாய்க் கழிந்து சாகும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் சொட்டு மருந்து உண்டு. கன்னொருவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கோழித் தடுப்பு மருந்து செய்கிறார்கள். ஒரு குப்பி நிறையக் கோழிக்கென்று வரும். குளிரில் வைக்க வேண்டும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாலு கோழிக்காக யார் குப்பி வாங்குவது என்று ஒவ்வொரு காம்பராவும் கேட்டது. பத்துக் காம்பராவை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறோம், சாவு வீட்டுக்குச் சேர்க்கிறோம். இதற்குச் சேரவில்லை. போதாக்குறைக்கு, தூங்கி விழுந்த கோழியை அவசரமாக அறுத்து, இறகையும் குடலையும் கானில் எறிந்தோம். அடுத்த வீட்டுக் கோழி அதைக் கொத்தியது. பெரும்பாலும் அப்படித்தான் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நோய் நடந்து போயிருக்கும்.

கண்முன்னே தெரிந்ததைக் கவனிக்காமல் விட்ட கதையை இந்த ஊரில் இருந்து எழுதினால், மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 இல் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. ஆனால் அதை இதோடு சேர்க்க மாட்டேன். அங்கே இருந்தவர்கள் போக வேறு வீடில்லாமல் இருந்தவர்கள். கோழிக்கூட்டுக்கு அந்தச் சாட்டு எங்களிடம் இல்லை.

போன ஞாயிறு எங்கள் பெட்டைக்குக் காலில் எண்ணெய் பூசினேன். கையை நாலு தடவை கொத்திவிட்டு, பிறகு அசையாமல் இருந்தது. அடுத்த காம்பராச் சேவலுக்கும் அதே வெள்ளைச் செதில். பீலிக்கரையில் அந்த வீட்டு அண்ணனைத் தினமும் பார்க்கிறேன். இன்னும் சொல்லவில்லை.