முக்கோண வணிகத்தின் மறைந்த நான்காம் கோணம்

குடியேற்றக் காலத்து அட்லாண்டிக் கடல்வணிகத்தை 'முக்கோண வணிகம்' எனச் சுட்டுவது தமிழ் வரலாற்று நூல்களில் வழக்காகிவிட்டது. துணி, துப்பாக்கி, இரும்பு, மதுவகை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து புறப்படும் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவை அடையும். அவற்றுக்கு மாற்றாக மனிதரை வாங்கும். அவர்களை அமெரிக்கத் தோட்டங்களில் விற்றுச் சர்க்கரையும் புகையிலையும் ஏற்றித் தாயகம் திரும்பும். இவ்விளக்கம் பொய்யன்று, ஆயின் குறையுடையது. முதற்கோணத்தில் ஏற்றப்பட்ட துணி எங்கு நெய்யப்பட்டது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும் கடமை பிறரினும் தமிழாய்வாளர்க்கே மிகுதி.

அத்துணியில் கணிசமான பகுதி இந்தியத் தறிகளில் நெய்யப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற பருத்தித்துணி வகையொன்றை ஐரோப்பிய வணிகர் 'கினி' என்றே அழைத்தனர். கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயர். நெய்த ஊரால் அன்றி விற்கப்படும் ஊரால் பெயர்பெற்ற துணி அது. சொல்லாய்வில் தோய்ந்த ஒரு துறைக்கு இப்பெயர் ஒன்றே போதிய தடயமாகும்.

இங்கிலாந்தின் சட்டங்களும் இத்தொடர்பை உறுதிப்படுத்தும். உள்நாட்டு நெசவைக் காக்கும் பொருட்டு 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் அச்சிட்ட இந்தியத் துணிகளின் பயன்பாட்டை அந்நாட்டில் தடைசெய்தன; மறு ஏற்றுமதிக்கோ வழிவிட்டன. இலண்டன் பண்டகசாலைகளில் தங்கிய துணி, ஆப்பிரிக்கா செல்லும் கப்பல்களில் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இறக்குமதி, அடிமைக் கப்பலின் ஏற்றுமதி ஆயிற்று. மாலத்தீவின் சோழியும் இவ்வாறே இந்தியப் பெருங்கடலிலிருந்து ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்கா சென்று நாணயமாகப் புழங்கியது.

டென்மார்க்கின் நிலை இன்னும் தெளிவானது. 1620இல் தரங்கம்பாடியில் கால்கொண்ட அந்நாட்டு முடியாட்சியே, பின்னர் ஆப்பிரிக்காவின் அக்ராவில் கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டையையும், கரிபியனில் செயிண்ட் தாமஸ், செயிண்ட் குரோய் முதலிய தீவுகளையும் தன்வயம் கொண்டிருந்தது. இந்தியாவில் கொள்முதல் செய்யப்பட்ட துணி கோபன்ஹேகன் சென்று, அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் சரக்குகளுள் ஒன்றாயிற்று. 1767இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட பிரெடென்ஸ்போர்க் என்னும் கப்பல் பொற்கரையில் 265 மனிதரை ஏற்றிச் செயிண்ட் குரோய் சென்றது, தாயகம் திரும்புகையில் 1768 டிசம்பரில் நார்வேக் கரையோரம் மூழ்கியது, 1974இல் கண்டறியப்பட்டது. தரங்கம்பாடி என்றதும் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் அச்சுக்கூடமும் 1715இல் வெளிவந்த புதிய ஏற்பாடும் தமிழாய்வாளர் நினைவுக்கு வருகின்றன. அவை போற்றத்தக்கனவே. ஆயின் அச்சுப்பொறியை இறக்கிய துறையிலிருந்தே துணிப்பொதிகளும் ஏறின என்பதை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் தரங்கம்பாடி வரலாறு பாதி வரலாறே.

ஒதுக்கப்படுவது சிறு செய்தியன்று. 1501 முதல் 1866 வரை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கரைசேராமல் கடலிலேயே மாண்டனர் என்றும் கப்பற்பயண ஆவணங்களைத் தொகுத்த வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர்.

'நெசவாளர் தம் துணி செல்லுமிடம் அறியார். எனவே இதில் தமிழகத்துக்கு யாது தொடர்பு?' என வினவுவார் உளர். நெசவாளரைக் குற்றவாளியாக்குதல் இங்கு நோக்கமன்று. முன்பணத்தாலும் கடனாலும் கட்டுண்டு உழைத்த அவர்க்குத் துணியின் விலையிலேயே உரிமை குறைவு. அதன் பயணத்தில் உரிமை ஏது? அறியாமை அவர்க்குப் பொருந்தும். ஆவணங்கள் அச்சேறி, கப்பற்பட்டியல்கள் கணினியில் எவரும் காணக் கிடைக்கும் இக்காலத்தில் ஆய்வாளர்க்கு அது பொருந்தாது. 'உலகெங்கும் விரும்பப்பட்ட தமிழகத் துணி' என்று பெருமிதத்துடன் எழுதுவோர், அத்துணி எதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் அடுத்த வரியில் எழுதக் கடமைப்பட்டவர். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை ஐரோப்பியர் கணக்கில் எழுதுதல் ஆய்வு நேர்மையாகாது.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. கம்பெனிகளின் துணிக் கொள்முதல் ஆவணங்களை அடிமைக் கப்பல்களின் சரக்குப் பட்டியல்களோடு ஒப்பிட்டுக் காணும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும். 'முக்கோண வணிகம்' என்னும் தொடரைக் கையாளும் பாடநூல்கள் அதன் நான்காம் கோணத்தையும் சுட்ட வேண்டும். நெய்தவர் பெயரும் விற்கப்பட்டவர் பெயரும் பெரும்பாலும் வணிகக் கணக்கேடுகளில் இடம்பெறவில்லை. துணியின் அளவும் விலையும் மட்டுமே இடம்பெற்றன. அக்கணக்கேட்டின் பார்வையையே தமிழ் ஆய்வும் தன் பார்வையாகக் கொள்ளுதல் தகாது.