கோயில் ஆபீஸ் கணினியில் இனி இ-ஃபைலிங் கிடையாது

சுங்கை பாக்காப் சொந்தங்களே, வருஷா வருஷம் இஏ பாரத்தைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வர்றீங்க, நானும் போட்டுக் கொடுக்கிறேன். இனிமே அந்தக் கணினியில் செய்ய மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

அதில் ஓடுவது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே கைகழுவிடுச்சு. 2023-லிருந்து புது குரோமும் அதில் ஏறாது. 2017-ல் வான்னாகிரை வந்து உலகம் பூரா கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, பெரும்பாலும் மாட்டினது பேட்ச் போடாத விண்டோஸ் 7 தான். அப்பவாவது பேட்ச் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தது. இப்ப ஓட்டை விழுந்தா அடைக்க ஆளே இல்லை.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு வெட்டிச் செலவு" என்கிறது நிர்வாகம். மெஷின் ஓடுதுன்னு ஃபேக்டரியில் சேஃப்டி கவரைக் கழட்டிட்டு ஓட்ட விடுவேனா நான்? உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. ஜனங்களோட ஐ.சி. நம்பர், சம்பளம், பேங்க் கணக்குக்கு ஒண்ணுகூட இல்லையா? விண்டோஸ் 10 ஏத்திக்கலாம்னு ஒருத்தர் யோசனை சொல்றார். அதுவும் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சு போச்சுங்க ஐயா.

அதில் பாஸ்வேர்டு சேவ் பண்ணினவங்க மைடேக்ஸில் இன்னைக்கே மாத்திடுங்க. இ-ஃபைலிங்குக்கு மே 15 வரை நேரம் இருக்கு. சொந்த போனை அப்டேட் பண்ணி எடுத்துட்டு வாங்க, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்தில் இருப்பேன்.